கல்லூரிப் படிப்புக்கு நிதியுதவி: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வெளியான மறுநாளே கல்லூரி விண்ணப்பத்துக்காக ஓடத் தொடங்கும் குடும்பங்கள், உதவித்தொகைக்கான சான்றுகளைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் வகுப்புகள் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆன பிறகுதான். அதற்குள் சில இணையதளங்கள் மூடப்பட்டிருக்கும். மூடப்படாதவற்றிலும் ஆதாருக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் இடையே உள்ள சின்னச் சின்ன முரண்பாடுகளைத் திருத்த அவகாசம் இருக்காது. ஆகவே இந்த வேலையை மதிப்பெண் பட்டியல் கைக்கு வருவதற்கு முன்பே, இயன்றால் பொதுத்தேர்வு முடிந்த அந்த இடைவெளியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

விண்ணப்பம் மாணவரின் பெயரில் இருந்தாலும் ஆராயப்படுவது குடும்பம்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை, அதாவது முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா என்பதைத் தாத்தாவின் படிப்பும் அண்ணன் ஏற்கெனவே பெற்ற சலுகையும் தீர்மானிக்கின்றன. வருமான வரம்புக்குள் வருகிறீர்களா என்பதைத் தாய், தந்தை இருவரின் சம்பாத்தியமும் தீர்மானிக்கிறது. கல்விக்கடன் விரைவாகக் கிடைக்குமா என்பதில், அப்பா எப்போதோ வாங்கித் திருப்பாமல் விட்ட நகைக்கடனுக்கும் பங்கு உண்டு. இவற்றையெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளை தனியாக இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. ஒரு மாலை நேரத்தில் வீட்டில் அனைவரும் உட்கார்ந்து, எல்லோருடைய ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் ஆகியவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பேசுவதுதான் முதல் படி.

எந்த அரசிடம் விண்ணப்பிப்பது

வேறு மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி எழாது, நமக்கு எழும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுதான். பாகூர் கொம்யூனில் வீடும், கடலூரில் அம்மாவின் பிறந்தகமும், கடலூர்ப் பள்ளியில் படிப்பும், புதுச்சேரிக் கல்லூரியில் சேர்க்கையும் என்று கலந்து வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பேருந்தில் முள்ளோடையைத் தாண்டும்போது நமக்கு ஒரு மாற்றமும் தெரிவதில்லை. ஆனால் உதவித்தொகைக்கு அந்த எல்லை மிகக் கறாரானது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையை, கல்லூரி எங்கே இருந்தாலும், மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசுதான் வழங்கும். எனவே பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் படிக்கப் போகும் மாணவர் தமிழக அரசிடமும், வில்லியனூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் புதுச்சேரி அரசிடமும் கேட்க வேண்டும். சாதிச் சான்றும் அப்படியே. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகளின் ஆணை 1964ஆம் ஆண்டில் வெளியானது. அதன் பிறகு தமிழகத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே பூர்வீகக் குடும்பங்களிலிருந்து தனியாக, குடிபெயர்ந்தோர் என்றே கருதப்படுகின்றன. தந்தை கடலூர்க்காரராக இருந்து, பிள்ளை புதுச்சேரியில் பிறந்து வளர்ந்திருந்தால், எந்தச் சான்று செல்லும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ வைத்துக்கொண்டு, எது சாதகமோ அதைக் காட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆதார் வந்த பிறகு அது பலிப்பதில்லை. பிடிபட்டால் சேர்க்கையே ரத்தாகும் அபாயமும் உண்டு.

சான்றுகள்

தமிழகத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய அனைத்தையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்கும், அடுத்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும். நடுவில் எங்கே நிற்கிறது என்பதை ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். மே, ஜூன் மாதங்களில் வி.ஏ.ஓ. அலுவலகங்களில் கூட்டம் அலைமோதும் என்பதால், ஒருமுறை எடுத்தால் நிலைத்து நிற்கும் சாதிச் சான்றையும் முதல் பட்டதாரிச் சான்றையும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, வருமானச் சான்றை மட்டும் அந்தந்தக் கல்வியாண்டுக்குப் புதிதாக எடுங்கள். மத்திய அரசுத் திட்டம் எதற்காவது ஓ.பி.சி. சான்று கேட்டால், மாநில அரசு தரும் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்று அதற்கு ஈடாகாது. அது தனிச் சான்று, தனி விண்ணப்பம். புதுச்சேரியில் சிவப்பு ரேஷன் அட்டை இருந்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். அட்டை வேறு, வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று வேறு.

வருமானத்தை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் அம்மாவுக்கும், தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகும் அப்பாவுக்கும் அப்படி எதுவும் இல்லை. ஆகவே குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதப்படுகிறது. அந்தத் தொகை எல்லா விண்ணப்பங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். உதவித்தொகைக்கு 72,000 என்றும், கல்விக்கடனுக்கு மூன்று லட்சம் என்றும் இரண்டு விதமாகக் காட்டினால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். தந்தை இறந்திருந்தாலோ, குடும்பத்தை விட்டுப் போயிருந்தாலோ, தாயின் பெயரில் வருமானச் சான்று பெறலாம். விதவைச் சான்றும், கணவனால் கைவிடப்பட்டவர் என்பதற்கான சான்றும் இதே இ-சேவை வழியில் கிடைக்கின்றன. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத தந்தையின் கையெழுத்துக்காகப் பல மாதங்கள் காத்திருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தச் சான்று அவருக்கு மூன்று வாரத்தில் கிடைத்தது.

பெயரும் முன்னெழுத்தும்

பணம் வராமல் நிற்பதற்கு நான் பார்த்தவரை மிகப் பெரிய காரணம் வறுமையோ மதிப்பெண்ணோ அல்ல, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் முன்னெழுத்தே இருக்காது. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே பிள்ளை; கணினிக்கு மூன்று பேர். என் அக்கா மகளுக்கு முதலாண்டு உதவித்தொகை முழுவதும் இப்படித்தான் போயிற்று. கல்லூரியில் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது கடினம், ஆதாரை மாற்றுவது எளிது. எளிது என்றாலும் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே மாற்ற முடியும் என்பதால், மையத்தில் தட்டச்சு செய்பவர் காட்டும் திரையை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு

உதவித்தொகை மாணவரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். அப்பா கணக்குக்கு வராது. இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. கணக்கோடு ஆதார் எண்ணைப் பதிவு செய்திருப்பது ஒன்று, அரசு அனுப்பும் நேரடிப் பணப்பரிமாற்றம் வந்து சேரும் கணக்காக அதை என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) பட்டியலில் இணைப்பது இன்னொன்று. வங்கியில் போய் “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா” என்று கேட்டால் ஆகியிருக்கிறது என்பார்கள், அது பொய்யுமல்ல. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா என்பது. ஒரு நேரத்தில் ஒரு வங்கிக் கணக்கு மட்டுமே அப்படி இணைந்திருக்க முடியும். பள்ளிக் காலத்தில் ஒரு வங்கியிலும், கல்லூரி வளாகக் கிளையில் இன்னொரு வங்கியிலும் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பணம் பழைய கணக்குக்குப் போய்விடுவது இதனால்தான். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். பள்ளியில் படிக்கும்போது மைனர் கணக்காகத் தொடங்கியதைப் பதினெட்டு வயதானதும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கை மீண்டும் கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். வங்கியில் காரியம் நடக்காவிட்டால் அஞ்சல் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்குவது ஒரு நல்ல மாற்று.

தமிழக அரசின் திட்டங்கள்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பட்டம் முடிக்கும் வரை கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் 2024இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இந்தத் தொகையை வேறு உதவித்தொகையோடு சேர்த்தே பெறலாம் என்பதால், வேறொன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று இதை விட்டுவிட வேண்டாம்.

அதே போல் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. இதில் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றியிருந்தால்கூட இந்தத் தகுதி போய்விடும் என்பதால், எட்டாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பதும், அரசுக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர வேண்டும் என்பதுமே நிபந்தனை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. அண்ணன் இந்தச் சலுகையைப் பெற்றிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. ஆகவே வீட்டில் இரண்டு பேர் அடுத்தடுத்துக் கல்லூரிக்குப் போகப் போகிறார்கள் என்றால், யாருக்கு இதைப் பயன்படுத்துவது என்பதை முன்பே யோசியுங்கள். மூத்த பையனுக்குத்தான் என்று பேச்சே இல்லாமல் முடிவு செய்யும் வழக்கத்தையும் ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம். விண்ணப்பத்தோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும், பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கான தொழிற்படிப்பு உதவித்தொகைக்கும் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இவற்றுக்கான விண்ணப்பம் இப்போது கல்லூரி மாணவர்களின் விவரங்களைப் பதியும் யூ.எம்.ஐ.எஸ். இணையதளத்தின் வழியாக நடக்கிறது. பள்ளியில் இருந்த எமிஸ் எண் போலக் கல்லூரியில் யூ.எம்.ஐ.எஸ். எண் கிடைக்கும். அதைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவித்தொகைப் பிரிவில் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவிலும் ஸ்பாட் அட்மிஷனிலும் சேர்ந்தவர்களுக்கு இடமில்லை. கல்லூரிக் கட்டணத்தொகையும் மாணவர் கணக்குக்கே வருவதால், ஒருநாள் திடீரென்று பெரிய தொகை வந்து நிற்கும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். அதை வைத்து வட்டிக்கடனை அடைத்துவிட்டுப் பருவத் தேர்வின்போது ஹால் டிக்கெட்டுக்காகத் திண்டாடிய குடும்பங்கள் உண்டு.

கட்டுமானத் தொழிலாளர், உடலுழைப்புத் தொழிலாளர் ஆகியோருக்கான நல வாரியங்களில் பெற்றோர் உறுப்பினராக இருந்தால், பிள்ளைகளுக்குத் தனியாகக் கல்வி உதவி உண்டு. உறுப்பினர் பதிவு புதுப்பிக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும்.

புதுச்சேரியில்

இங்கே எல்லாவற்றுக்கும் நுழைவாயில் சென்டாக் எனப்படும் மையச் சேர்க்கைக் குழு. தனியார் கல்லூரியில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தாலும், சென்டாக் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குத்தான் பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டம் பொருந்தும். நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் பயனில்லை. சென்டாக்கில் புதுச்சேரி இருப்பிட ஒதுக்கீட்டுக்கு ஐந்தாண்டு குடியிருப்பை நிரூபிக்க வேண்டும். வாடகை வீடு மாறி மாறி இருந்தவர்கள் பிள்ளையின் பள்ளிச் சான்றுகளை ஆண்டுவாரியாக எடுத்துவைத்துக்கொள்வது உதவும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023 முதல் இருக்கிறது. ஆதிதிராவிடர் மாணவர்கள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையை அணுக வேண்டும்.

மத்திய அரசின் இணையதளம்

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரோடு முகத்தைச் சரிபார்த்த பின் பதினான்கு இலக்க எண் ஒன்று கிடைக்கும். படிப்பு முடியும் வரை அந்த எண்தான். கைப்பேசி எண்ணாகக் கடைக்காரரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஓடிபி அவருக்குப் போகும், அவரோ கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பார்.

இதில் நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில், தம் பாடப்பிரிவில், முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். இதைப் பெறுபவர் வேறு உதவித்தொகை பெறக் கூடாது என்பதால், மாநிலத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில உதவித்தொகைக்கான 2.5 லட்ச வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட குடும்பங்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும். பொறியியலோ டிப்ளமாவோ படிக்கும் மாணவிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு எட்டு லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு சக்ஷம் என்ற பெயரில் இதே அளவு தொகை உண்டு.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அதைத் திறந்து சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கெடு தேதிக்குள் அவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. பத்து நாளுக்கொருமுறை நிலையைப் பார்த்து, நகர்ந்திருக்காவிட்டால் அச்செடுத்த படியோடு நேரில் போய் நில்லுங்கள்.

கல்விக்கடன்

உதவித்தொகை போகப் பற்றாக்குறை எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே கடனுக்குப் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான்கு லட்சம் வரை பிணையோ, நம் பங்குத் தொகையோ தேவையில்லை. அதற்கு மேல் இந்தியாவில் படிக்க 5 விழுக்காட்டை நாம் போட வேண்டும். வீட்டுக்கு அருகில் உள்ள கிளைக்கு, சேர்க்கைக் கடிதம், நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரம், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாணவரும் பெற்றோரும் சேர்ந்து போங்கள். பெற்றோர் இணைக் கடன்தாரர். “உங்கள் ஊர் எங்கள் கிளையின் எல்லையில் இல்லை” என்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்துக்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லியிருக்கிறது என்பதைப் பணிவாக நினைவூட்டலாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். ஆட்சியர் நடத்தும் கல்விக்கடன் முகாமிலும் கொடுக்கலாம். போவதற்கு முன், மகளிர் குழுக் கடனிலோ நகைக்கடனிலோ பாக்கி இருந்தால் அடைத்துவிட்டு, பெற்றோரின் சிபில் நிலையை (கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றை) பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டியைச் சிறிதென்று எண்ண வேண்டாம். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டுகளில் மூன்று லட்சம் வாங்குவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், படிப்பும் அதன் பின் ஓராண்டுத் தவணை விடுப்பும் முடியும்போது தனிவட்டியே 1,05,000 ரூபாய் ஆகியிருக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்புப் படித்தால், இந்தக் காலத்துக்கான வட்டி முழுவதையும் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கும். அதற்கான வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வங்கி தானாகச் செய்யும் என்று விட்டுவிடக் கூடாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. மத்திய அரசின் நிறுவனங்களான ஜிப்மர், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், காரைக்கால் என்.ஐ.டி. ஆகியவற்றில் இடம் கிடைத்தவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முதல்

உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தேசிய இணையதளத்தில் புதுப்பித்தலுக்குப் பதிலாகப் புதிய விண்ணப்பம் போட்டுவிட்டுத் தொகையை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். கல்விக்கடனில் அடுத்த ஆண்டுத் தவணையை வங்கி தானாக விடுவிக்காது. பருவத் தேர்வு மதிப்பெண் நகலையும் கல்லூரியின் கட்டணக் கேட்புக் கடிதத்தையும் ஜூன் மாதத்திலேயே கிளையில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி மாறினாலோ, படிப்பை நிறுத்தினாலோ, அந்த வாரமே உதவித்தொகைப் பிரிவுக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் வந்து சேர்ந்த தொகையைப் பின்னர் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.